மார்வாவுக்கு விழுந்த ஐம்பது

எங்கள் ஊரில் பாதி ஆம்பிளைகளுக்குக் காது மந்தம். பீட் கிழங்கு தோண்டுகிற இயந்திரமோ, மரம் அறுக்கிற ரம்பமோ, மீசை முளைக்கும் முன்பே தோளில் ஏறின துப்பாக்கியோ, ஏதோ ஒன்று தின்றிருக்கும். எல்லோரும் கடைசியில் வந்து உட்காருவது மார்வா ரைசிக்கின் நாற்காலியில்தான். லார்க்கின் என்கிற எங்கள் ஊர் கிளினிக்கில் காதைச் சோதித்துக் கருவி பொருத்துகிறவள் அவள். வாசல் மேசையில் உட்கார்ந்து பேர் பதிகிறவள் நான். நடுவில் ஒரு கதவு. செவிடர்களிடம் பேசிப் பேசி அவள் குரல் அந்தக் கதவைத் தாண்டி வரும்.

"சுடும்போது காதை அடைச்சுக்கோங்கன்னு சொன்னா கேக்க மாட்டீங்க. இப்ப வந்து பேரன் பேசறது கேக்கலன்னு அழுவீங்க."

"என்ன சொன்னே?"

"அதேதான் சொன்னேன்!"

ஆனால் அவளுக்குச் சத்தம் என்றாலே ஆகாது. மதியம் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். சர்ச்சில் ஆர்கன் பக்கம் உட்கார மாட்டாள். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்கு ஊரே வாணவேடிக்கை பார்க்கக் கிளம்பும்போது, நாய் பயப்படும், நான் கூட இருக்கேன் என்பாள். அவர்கள் வீட்டு நாய் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை.

அவள் புருஷன் ஆரின், பீட் லாரி ஓட்டுகிறவன். பெரிய உருவம், பெரிய சிரிப்பு. அவனுக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. குழல் அரை அங்குலம் அகலமுள்ள துப்பாக்கி ஒன்று வேண்டும். அங்குலத்தில் நூற்றுக்கு ஐம்பது பங்கு என்பதால் இங்கே அதை 'ஐம்பது' என்பார்கள். ஒருவர் தனியாகத் தூக்கி நடக்க முடியும், ஆனால் ரொம்ப தூரம் நடக்க முடியாது. வேட்டைக்கு உதவாது. வீட்டுக் காவலுக்கு வைத்தால் திருடனோடு சேர்ந்து பக்கத்து வீடும் போய்விடும்.

"அப்புறம் எதுக்குடா அது?" என்று காப்பிக்கடையில் கேட்பார்கள்.

"மலை எதுக்கு இருக்கு? போய்ப் பாக்கறதில்லையா நீ? அந்த மாதிரிதான்" என்பான் ஆரின்.

அந்த ஆகஸ்டில் தீயணைப்புப் படை நடத்துகிற கோடை விருந்தில் குலுக்கல் வைத்தார்கள். வழக்கமாக மான் சுடுகிற துப்பாக்கியோ அரை மாட்டுக் கறியோதான் பரிசாக இருக்கும். புதுத் தண்ணீர் வண்டி வாங்க வேண்டியிருந்ததால் அந்த வருஷம் ஆசை காட்டப் பெரிய பரிசாகவே பிடித்துவிட்டார்கள். கறி வாட்டுகிற புகைக்கு நடுவே மேசை மேல் அந்த ஐம்பது கிடந்தது. குழந்தைகள் அதன் குழலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்கள். ஆரின் சீட்டு சீட்டாக வாங்கிச் சட்டைப்பை இரண்டையும் ரொப்பிக்கொண்டான். மார்வா, படைக்கு உதவி என்று ஒரே ஒரு சீட்டு வாங்கிக் கைப்பையில் போட்டாள்.

படைத்தலைவர் கிளீட்டஸ் சீட்டை எடுத்துப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"மார்வா ரைசிக்!"

கூட்டத்தில் வெடித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கே அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மிணி, இனிமே உன் கிளினிக்குக்கு ஆள் பஞ்சமே வராது!" என்று யாரோ கத்தினார்கள்.

ஆரின் அவளைத் தூக்கிச் சுற்றினான். "நம்ம வீட்டுக்கு வந்துருச்சு மார்வா! நம்ம வீட்டுக்கு!"

"எறக்கி விடு. இது துப்பாக்கியா, இல்ல டிராக்டர்லருந்து கழட்டினதா?"

சீட்டில் பேர் அவளுடையது என்பதால், துப்பாக்கிக் கடையில் அவள்மேல் குற்றவழக்கு ஏதும் உண்டா என்று விசாரணை முடித்து அவள் கையில்தான் கொடுத்தார்கள். ஆரினின் துப்பாக்கி அலமாரிக்குள் அது நுழையவில்லை. சாப்பாட்டு மேசையில் கிடத்தினார்கள். அதன் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனுமாகச் சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமென்றால் குழலுக்கு மேலே கை நீட்டி வாங்க வேண்டும். தோட்டா ஒன்று அவள் உள்ளங்கை அடியிலிருந்து நடுவிரல் நுனி வரை வந்தது. "கையில வெச்சா ஜில்லுன்னு கனமா, தூங்கற குழந்தை மாதிரி இருந்துச்சு" என்று மறுநாள் என்னிடம் சொன்னாள். சொன்னவுடனே, "என்ன உளர்றேன் நான்" என்று முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள்.

முதல் தடவை சுட்டது ஊருக்கு வெளியே பழைய சரளைக்கல் குழியில். அங்கே சுடுமிடத்தைப் பார்த்துக்கொள்கிறவன் டெல் ஹூபர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற குள்ள மனுஷன். அவனிடமும் ஓர் ஐம்பது உண்டு. மார்வா போனது காவலுக்கு. காதுக்குள் பஞ்சடைப்பு, அதற்கு மேல் மூடி என்று இரண்டு அடுக்கு போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

டெல் தூசி எழும்பாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தான். குழலின் முனையில் பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஓர் இரும்புத் தலை இருக்கும். வெடிக்கிற காற்று பாதி அதன் வழியாகப் பக்கங்களில் பீறிடும். அதனால்தான் தோள் தப்பிக்கிறது. பக்கத்தில் நிற்கிறவன் தப்பிக்க மாட்டான்.

"ஆரின், சாஞ்சு படுக்காதே. துப்பாக்கிக்கு நேர் பின்னால படு. உன் முதுகெலும்பு அந்தக் குழலோட தொடர்ச்சின்னு நெனச்சுக்க. கண்ணைத் துப்பாக்கி மேல இருக்கிற தொலைநோக்கிகிட்ட கொண்டு போகாதே, தள்ளியே வை. பல்லைச் சேத்து மூடு. நாக்கு வெளிய இருந்தா அதை நீ திரும்பப் பாக்க மாட்டே."

"நான் அஞ்சு வயசுலருந்து சுடறேன்யா."

"அது எலி. இது எருமை."

ஆரின் கேட்கவில்லை. ஆசையில் கண்ணை முன்னால் கொண்டுபோனான். விசை விழுந்ததும் குழியே தூசியாக எழும்பியது. அவன் நெற்றிப் புருவத்தில் தொலைநோக்கி வட்டமாக ஒரு வெட்டு வைத்தது. ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது. குண்டு எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மார்வா கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "போதும், வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

டெல் அவளைப் பார்த்தான். "உன் பேர்ல இருக்கிற துப்பாக்கி. ஒண்ணு சுட்டுட்டுப் போயேன்."

ஏன் படுத்தாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்ததாகச் சொல்கிறாள். டெல் சொன்னபடி நேராகப் படுத்தாள், பல்லை மூடினாள். துப்பாக்கிக்குப் பின்னால் செருகியிருக்கும் உருளையை முழுதாக உருவி, அதன் முகத்தில் தோட்டாவின் அடியை மாட்டி, இரண்டையும் சேர்த்து உள்ளே தள்ளித் திருப்பினாள். அறுநூறு கஜத்துக்கு அப்பால் வெள்ளையடித்த இரும்புத் தகடு சங்கிலியில் தொங்கியது. மூச்சைப் பாதி விட்டாள்.

"சத்தமே கேக்கல" என்றாள் மறுநாள் என்னிடம். "அதாவது, கேட்டுச்சு. ஆனா காதால இல்ல. கடல்ல குளிக்கும்போது பெரிய அலை வந்து ஆளையே ஒரு அடி பின்னால நகத்துமே, அந்த மாதிரி. பல்லு, நெஞ்செலும்பு, வயிறு எல்லாத்து வழியாவும் போயிருச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. அவ்வளவு அமைதி நான் வாழ்க்கையில பாத்ததில்ல. அந்த அமைதிக்குள்ள, எங்கயோ தூரத்துல, அந்தத் தகடு ஆடுது. நான்தான் ஆட்டினேன்."

"அப்புறம்?"

"இன்னொண்ணு குடுன்னு கேட்டேன்." அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. வீட்டில் தெரியாத ஆள் ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவள் மாதிரி இருந்தாள். "பிடிச்சிருக்குடி எனக்கு. அதான் புரியல."

அன்று மதியம் அவள் காருக்குப் போகவில்லை. சோதனை அறைக்குள் போய், கருவியைத் தன் காதிலேயே மாட்டிக்கொண்டு, என்னைப் பொத்தான் அமுக்கச் சொன்னாள். காது பழுதில்லாமல் இருந்தது. "அப்ப இது காதுல இல்ல" என்று முணுமுணுத்தாள். டாக்டரிடம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டாள். அதுவும் சரி. பாதிரியாரிடம் கேட்டாள். அவரும் மான் வேட்டைக்காரர். "அதுல பாவம் என்ன இருக்கு?" என்றார். "பாவம்னு நான் சொல்லலையே, ஏன்னுதானே கேட்டேன்" என்றாள் இவள்.

சனிக்கிழமைதோறும் சரளைக் குழிக்குப் போக ஆரம்பித்தார்கள். ஆரினின் புருவம் ஆறியது, ஆனால் உடம்பு அந்த அடியை மறக்கவில்லை. டெல் ஒரு நாள் விளையாட்டுக் காட்டினான். வெடிமருந்தில்லாத செத்த தோட்டாவை, சொல்லாமல், உருளையில் மாட்டிக் கொடுத்தான். ஆரின் விசையை அழுத்தினான். கிளிக் என்றது. வெடிக்கவே இல்லை, ஆனால் அவன் தோள் துள்ளிக் குழல் முனை தரையைப் பார்த்துக் குனிந்தது. மார்வாவிடமும் அப்படியே கொடுத்தான். கிளிக். துப்பாக்கி இம்மியும் அசையவில்லை. அவள் கண்ணிமைகூட அசையவில்லை.

டெல் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

"உனக்குப் பயமே இல்லையா?" என்று ஆரின் கேட்டான்.

"ரொம்பப் பயம். ஆனா பயம் வந்து சேர்றதுக்குள்ள விசை போயிருது."

"நான் இருபது வருஷமா ஆசைப்பட்டது."

"தெரியும்."

"நீ ஆசைப்படவே இல்ல."

"அதுவும் தெரியும், ஆரின். நான் என்ன பண்ணட்டும்? வேணும்னே தப்பாச் சுடவா?"

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினான். அவளும் குறைக்கச் சொல்லவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் ஆயிரம் கஜப் போட்டி ஒன்றுக்கு டெல் அவளைக் கூட்டிப்போனான். ஆரினும் வந்தான், தூரத்தில் நின்றான்.

அங்கே வந்தவர்கள் ஒரு பல் டாக்டர், ரொட்டிக்கடைக்காரர், ஓய்வு பெற்ற கணித டீச்சர், இப்படித்தான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தைத் தானே நிறுத்துப் போட்டு, குழந்தைக்குப் பால் ஆற்றுவதுபோல் பொறுமையாகச் செய்துகொண்டு வந்திருந்தார்கள். மார்வா ஒருவர் விடாமல் கேட்டாள். உங்களுக்கு இது ஏன் பிடிக்குது?

"சத்தம்" என்றார் பல் டாக்டர். "நாளெல்லாம் நான் மெதுவா, மெதுவான்னு வேலை பாக்கறவன்."

"குண்டு போய்ச் சேர ஒண்ணரை நொடி ஆகுதும்மா" என்றாள் டீச்சர். "அந்த ஒண்ணரை நொடி நம்ம கையில எதுவுமே இல்ல. அதுக்காக வர்றேன்."

ரொட்டிக்கடைக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, "என் பெண்டாட்டி வர மாட்டா. அதுக்காகவும் இருக்கலாம்" என்றார்.

எல்லோர் பதிலும் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றும் தன்னுடையதாக இல்லை என்றாள் மார்வா. போட்டியில் நடுவாந்தரமாக வந்தாள். நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்குப் பட்டணத்திலிருந்து காரின் என்கிற அவர்கள் மகள் வந்தபோது, துப்பாக்கியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பாவோடதுன்னு நெனச்சேன். உன்னோடதாம்மா? உன்னோடதா? இது எதுக்கு?"

"எதுக்கும் இல்ல."

"எதுக்கும் இல்லாததுக்கா இவ்வளவு பெரிசு?"

மகளுக்காக அதைப் படுக்கையறைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். வான்கோழியைச் சாப்பிட்டார்கள்.

இதுவரை நடந்ததெல்லாம் சிரிக்கிற விஷயம். அடுத்த வசந்தத்தில் நடந்தது அப்படியில்லை.

என் பக்கத்துப் பண்ணைக்காரி நெட்டி ஹால்வர்சன். எழுபது தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசுகிறவள். மலையில் பனி ஒரே வாரத்தில் உருகி ஆறு கரை மீறிவிட்டது. அவளுடைய பழுப்புக் குதிரை ஜூனிபர் வேலியுடைத்து வெள்ளத்தில் இறங்கி, நடு ஆற்றுச் சரளைத் திட்டில் ஒதுங்கியிருந்தது. முன்னங்கால் முறிந்து தொங்கியது. பாலம் தண்ணீருக்கடியில். படகு இறக்கினால் ஆள் போய்விடும். ஹெலிகாப்டர்கள் எல்லாம் கீழ்ப்பக்கத்தில் கூரை மேல் நின்ற மனிதர்களைத் தூக்கப் போய்விட்டன. இரண்டாம் நாளும் குதிரை நின்றுகொண்டிருந்தது. சாதாரணத் துப்பாக்கிக்கு அது எட்டாத தூரம். நாங்கள் போக முடிந்த கரை மேட்டிலிருந்து எண்ணூறு கஜத்துக்குக் கொஞ்சம் மேலேயே.

டெல் அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பந்து விளையாட வேறு ஊருக்குக் கூட்டிப் போயிருந்தான். நெட்டி என் வீட்டுப் போனிலிருந்து மார்வாவைக் கூப்பிட்டாள்.

"உன்கிட்ட அந்தப் பெரிய துப்பாக்கி இருக்குன்னு சொன்னாங்க."

"இருக்கு."

"ஜூனிபர் கஷ்டப்படுது. வர்றியா?"

மார்வாவும் ஆரினும் வந்தார்கள். வண்டியிலிருந்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் துப்பாக்கியை மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள். மார்வா பாயில் படுத்தாள். பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி, ஆரின் தூரக்கண்ணாடியோடு படுத்தான். காற்றை அவன்தான் சொன்னான். தண்ணீருக்கு மேலே ஒரு காற்று, கரையில் வேறொரு காற்று, புல் சாய்வதைப் பார், நுரை எந்தப் பக்கம் பறக்கிறது பார் என்று, அவசரமே இல்லாத குரலில். அவ்வளவு நிதானமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

நெட்டி நின்றுகொண்டே பார்த்தாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிவிட்டாள்.

முதல் குண்டு தவறியது. குதிரைக்கு முன்னால் சரளை வெடித்து எழும்பியது. ஒரு நொடி கழித்துத்தான் சத்தம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குதிரை தலையைத் தூக்கி நாங்கள் இருந்த திசையைப் பார்த்தது.

"தாழ்ந்துருச்சு. ஒரு மயிரிழை இடப்பக்கம்" என்றான் ஆரின்.

மார்வா உருளையை உருவி, அடுத்த தோட்டாவை மாட்டித் தள்ளினாள். இரண்டாவது வெடித்தபோது என் கால் வழியாக அது ஏறி வந்தது. தூசி அடங்கிப் பார்த்தபோது திட்டில் குதிரை நிற்கவில்லை. விழுந்ததையே நாங்கள் பார்க்கவில்லை. நின்றது, பிறகு கிடந்தது.

நெட்டி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாள். மார்வாவின் தோளைத் தொட்டு, "சுத்தமாப் போச்சு. நன்றி" என்றாள். நெட்டி அழுது நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

ஊர் விடுமா? காப்பிக்கடையில் மார்வா நுழைந்தால் ஆம்பிளைகள் எழுந்து நாற்காலி தந்தார்கள். "எண்ணூறு கஜம்! வெள்ளத்துக் காத்துல!" என்று அவள் முதுகில் தட்டினார்கள். அவள் கிளினிக்குக்கு வந்து என் மேசைக்கு எதிரே நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். ஆரின்கிட்ட இன்னும் சொல்லல."

"சொல்லு."

"முதல் குண்டு தவறினப்ப எனக்குக் குதிரை மேல பரிதாபம் வரல. எரிச்சல் வந்துச்சு. தகடு தவறினா வருமே, அதே எரிச்சல். அது தலையைத் தூக்கிப் பாத்துச்சு. நான் பாத்தேன், பாத்தும் காத்தைத்தான் கணக்குப் போட்டேன். ரெண்டாவது பட்டப்ப..." நிறுத்தினாள். "அதே சந்தோஷம். கொஞ்சம்கூடக் குறையல. அதே அமைதி. அதுக்குள்ள ஒரு குதிரை செத்துக் கிடக்கு."

"நீ அதுக்கு நல்லதுதானே பண்ணினே?"

"நல்லதுதான் பண்ணினேன். அதுல சந்தேகமே இல்ல. அப்புறம் ஏன் எனக்கு என்னையப் பாத்தா ஒண்ணும் விளங்கல?"

எனக்கும் விளங்கவில்லை. காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. நெட்டியிடமே போய்ச் சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நெட்டியின் சமையலறையில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் நின்று, உன் குதிரையைச் சுட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னாளாம்.

நெட்டி உரிப்பதை நிறுத்தவில்லை. "நீ சிரிச்சியா அழுதியான்னு ஜூனிபருக்கு என்ன? வலி நின்னுச்சு. அது போதும் அதுக்கு."

"உனக்கு?"

நெட்டி கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கு நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

பிறகு நெட்டி இன்னொரு கத்தியை எடுத்து மேசையில் தள்ளினாள். மார்வா உட்கார்ந்து உரித்தாள். கூடையில் இருந்தது தீரும்வரை உரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகும் நெட்டி சர்ச்சில் அவளைப் பார்த்துத் தலையசைப்பாள். ஆனால் குதிரைப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

துப்பாக்கியை எடுத்துக்கொள் என்று ஆரினிடம் சொன்னாள் மார்வா. காரணமும் சொன்னாள். அவன் ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தான்.

"எனக்கு வேணாம்."

"இருபது வருஷ ஆசைன்னே."

"நானா இருந்தா தவறவிட்டுட்டே இருந்திருப்பேன். அது அங்கயே நின்னுட்டே இருந்திருக்கும். ஒருவேளை பட்டிருந்தாலும் கடைக்குப் போய்ப் பீர் குடிச்சிருப்பேன். அதைப் பத்தி ஒண்ணுமே யோசிச்சிருக்க மாட்டேன். எது சரின்னு எனக்குத் தெரியல மார்வா." பிறகு, "ஆனா காத்து சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றான். கொஞ்சம் வெட்கத்தோடு.

அந்தக் கோடை முழுக்க ஐம்பது நிலவறையில் கிடந்தது. அவள் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தாளே தவிர வெளியே எடுக்கவில்லை. விற்கவும் இல்லை. கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள். ஏன் விற்கவில்லை என்று கேட்டேன். "வித்துட்டா இது என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போயிரும்" என்றாள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, காலையில் எழுந்ததும் அதை வண்டியில் ஏற்றும்படி ஆரினிடம் சொன்னாள். அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

சரளைக் குழியில் படுத்துத் தகட்டைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆரின் காற்றைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். பிறகு தோட்டாவை உருவி வெளியே எடுத்துவிட்டு எழுந்துவிட்டாள். அடுத்த வாரம் சுட்டாள். தகடு ஆடியது. சந்தோஷம் போயிருக்கும் என்று பாதி பயமும் பாதி நம்பிக்கையுமாக இருந்தாளாம். போகவில்லை. அப்படியே இருந்தது. பக்கத்தில் வேறு ஏதோ ஒன்றும் வந்து உட்கார்ந்திருந்தது, அதற்குப் பேர் தெரியவில்லை என்றாள். இப்போதும் அப்படித்தான். சில சனிக்கிழமை சுடுவாள், சில சனிக்கிழமை படுத்துவிட்டு எழுந்து வருவாள். எது எந்த நாள் என்று அவளுக்கே முன்கூட்டித் தெரியாது. ஆரின் இரண்டுக்கும் தயாராகக் காப்பியும் ரொட்டியும் கட்டிக்கொண்டு போகிறான். அவர்கள் இருவரும் இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அதிகம் பேசிக்கொள்கிறார்கள், அதுவும் பாதிக்குமேல் காற்றைப் பற்றி.

கிளினிக்கில் திட்டுவதை அவள் விடவில்லை. "நீயா எனக்குச் சொல்றே?" என்று ஒரு கிழவர் கேட்டுவிட்டார். "நான் ரெண்டு அடுக்கு போட்டுக்கறேன். நீங்க?" என்றாள்.

போன மாதம் போட்டிக்கு நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஊருக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி, பிரிட்டா என்று பேர், மார்வாவிடம் வந்து நின்றாள்.

"இது உங்களுக்கு ஏன் பிடிச்சிருக்கு? எல்லாரும் உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

"எனக்குத் தெரியாதும்மா. நீ படுத்துப் பாரு. தெரிஞ்சா எனக்கும் சொல்லு."

மார்வாவே தரையை ஈரமாக்கிப் பாய் விரித்துக் கொடுத்து, அவள் முதுகை நேராக்கி, கண்ணைப் பின்னால் தள்ளி, காது மூடியை இரண்டு தடவை சரிபார்த்தாள். பிரிட்டா சுட்டாள். தூசி அடங்கியது. மார்வா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி.

"எப்படி இருந்துச்சு?"

பிரிட்டா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "தோள் லேசா வலிக்குது. அவ்வளவுதான். சாப்பாடு எங்க தர்றாங்க?"

மார்வா கையை நீட்டிக் கூடாரத்தைக் காட்டினாள். பிரிட்டா போகிற திசையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆரின் பக்கம் திரும்பினாள்.

"அவளுக்கு ஒண்ணுமே ஆகலையாமே?"

"இல்லையாம்."

"அப்ப இது என்ன?"

"காத்து திரும்புது" என்றான் ஆரின். "சுடறதா இருந்தா இப்ப சுடு."

அவள் பாயில் படுத்தாள்.